அக்காவின் 'ஆனா'

கத்தி மரத்துக்குள் இறங்கிவிட்டது.

றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மேல் பட்டையைத்தான் சீவ வேண்டும், வெற்றிலைக் கனத்துக்கு. உள்ளே இருக்கிற கட்டையில் கத்தி பட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடம் பிறகு முண்டு முண்டாக வீங்கி நிற்கும். அடுத்த தடவை அங்கே கத்தி ஓடாது. கங்காணி கண்டால் அன்றைக்கு முழுக்க அதே பேச்சுதான். பழகிய புதிதில் செய்ததோடு சரி, அதற்குப் பிறகு நான் ஒரு மரத்தையும் காயப்படுத்தியதில்லை.

அன்றைக்குக் காயப்படுத்தினேன். அப்போதுதான் விடிந்திருந்தது. மரங்களுக்கு நடுவில் ஈரம் புகை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் போன் பாடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிகிற இடத்தில் என் அக்கா பேசினாள்.

அக்கா செத்து, கருமாதியும் முடிந்திருந்தது.

போன வாரம் இதே பத்தியில் எங்கள் பக்கத்து வெள்ளத்தைப் பற்றி எழுதியிருந்தேன். ஆறு ஏறித் தோட்டத்து வரிசை வீடுகளான கீழ் லயத்துக்குள் வந்ததும், வடிந்த பிறகு அக்கா போய் மற்றவர்கள் வீட்டுச் சேற்றையெல்லாம் கழுவிக் கொடுத்ததும், பிறகு எலிக்காய்ச்சல் வந்ததும். அதைப் படித்த பலர் அனுதாபம் சொல்லி எழுதினார்கள். ஒருவர் மட்டும் வேறு கேட்டிருந்தார். 'உங்கள் அக்கா பாட்டுகளுக்கு விமர்சனம் சொல்வார் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பாட்டுக்கு எதற்கு விமர்சனம்? பிடித்தால் கேட்கிறோம், பிடிக்காவிட்டால் விடுகிறோம். அவ்வளவுதானே?'

அவ்வளவுதான் இல்லை, ஐயா. இந்த வாரம் முழுக்க அதைத்தான் சொல்லப்போகிறேன். இதை எழுத உட்கார்ந்ததில் இருந்து எனக்குக் கை பரபரக்கிறது. அக்காவைப் பற்றி அழாமல் எழுதக் கிடைத்த முதல் விஷயம் இது.

கை நின்ற இடம்

என் அக்கா பெயர் ரதி. பள்ளிக்கூடத்தை நான் ஒன்பதாம் வகுப்போடு விட்டேன், அவள் எனக்கும் முன்னாலேயே விட்டவள். இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து மரங்கள். அவள் மரத்தில் இருந்து கத்தினால் என் மரத்துக்குக் கேட்கும்.

அவளுக்குப் பாட வராது. அவள் லயத்தில் வாய் திறந்தால், "மூடிக்க தாயே, கோழி எந்திரிச்சிரும்" என்பாள் அம்மா. வாத்தியமும் தெரியாது. ஆனால் கேட்பாள். அவள் கேட்கிற மாதிரி வேறு யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புதுப் பாட்டையும் வீட்டில் கேட்டுவிட்டுக் கருத்துச் சொல்லமாட்டாள். வீட்டில் கேட்டால் ஆட்களின் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிவிடுவோம் என்பாள். அடுத்த நாள் காலையில் பாட்டை மலைக்கு, பால் வெட்டுகிற இடத்துக்கு, கொண்டுபோவாள். பழைய ஆம்பளைச் சட்டை ஒன்றைப் போட்டு, அதன் பையில் போனை வைத்து, பால் வெட்டும்போது ஓடவிடுவாள்.

பால் வெட்டு விசித்திரமான வேலை. முழுக் கவனமும் வேண்டும், ஆனால் பழகிய பிறகு கை தானாகவே செய்யும். குனி, வெட்டில் காய்ந்த பழைய றப்பர் நூலை உரி, சீவு, சிரட்டையைத் திருப்பி வை, அடுத்த மரம். அப்படி ஓடுகிற கை, பாட்டில் எந்த இடத்தில் தன்னை மறந்து நிற்கிறதோ அதுதான் பாட்டு என்பாள் அக்கா. மிச்சமெல்லாம் சத்தம்.

"எப்படிடீ?" என்று நான் என் மரத்தில் இருந்து கத்துவேன்.

"கை நிக்கல" என்று பதில் வரும். அந்தப் பாட்டின் கதை அதோடு முடிந்தது. சில நாள் பதிலே வராது. எட்டிப் பார்த்தால் கத்தியைப் பட்டையில் வைத்தபடி, சீவாமல், வாயைப் பிளந்துகொண்டு நிற்பாள். அப்போது எனக்கு உடம்பெல்லாம் குதிக்கும். ஓடிப்போய் அந்தப் பாட்டைக் கேட்டுவிட வேண்டும் போல இருக்கும்.

எங்கள் தோட்டத்தில் பாடுகிற, மேளம் அடிக்கிற, சும்மா கேட்கிற எல்லோரும் இருக்கிற ஒரு வட்ஸ்அப் குழு உண்டு. அக்கா தன் தீர்ப்பை அங்கேதான் குரல் பதிவாகப் போடுவாள், மலையில் நின்றபடியே. அதில்தான் ஒரு வேடிக்கை. பால் வெட்டுகிறவளின் பெருவிரலில் எப்போதும் காய்ந்த பால் ஒட்டியிருக்கும். போன் அந்த விரலைச் சில நேரம் ஏற்கும், சில நேரம் ஏற்காது. அமுக்கிப் பிடித்துப் பேசிக்கொண்டே இருப்பாள், பாதியில் விரல் நழுவி, பதிவு தானாகப் போய்விடும். அதனால் அவள் விமர்சனம் எப்போதும் இரண்டு துண்டாகத்தான் வரும்.

முதல் துண்டில் நல்லது சொல்வாள். எது, எந்த இடம், ஏன் என்று சொல்வாள். இரண்டாவது துண்டு 'ஆனா' என்று ஆரம்பிக்கும்.

எங்கள் குழுவில் ஒருத்தரும் முதல் வொய்ஸைக் கேட்டுச் சந்தோஷப்படமாட்டார்கள். அடுத்தது வரட்டும் என்று போனைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

குருவிட்டக் கல்யாணம்

இடையில் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

குருவிட்ட என்கிற ஊர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். டவுனில் இருந்து இசைக்குழு வந்திருந்தது. மினுமினுக்கிற கோட்டு போட்ட பாடகர். ஸ்பீக்கர் சத்தத்தில் என் காதில் இருந்த தோடு அதிர்ந்தது. சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளையின் மாமா சும்மா இருக்காமல், இந்தப் புள்ளதான் எங்க பக்கத்துல பாட்டுக்கு மார்க் போடும் என்று அக்காவைக் காட்டிவிட்டார். பாடகர் பின்னாலேயே நின்றிருக்கிறார், எங்களுக்குத் தெரியாது.

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "குரல் நல்லா இருக்குங்க. மூணாவது பாட்டுல ஒரு எறக்கம் எறங்குனாரு பாருங்க, நான் கறி வாங்க மறந்துட்டேன். ஆனா மேடையில நின்ன நேரமெல்லாம் கேமராவத்தான் பாத்தாரு. பொண்ணு மாப்பிள்ளைய ஒருக்கா கூடப் பாக்கல. யாருக்குப் பாட வந்தாருன்னு எனக்கு வெளங்கல."

நான் நிமிர்ந்து பாடகரைக் கண்டு நடுங்கிப்போனேன். அவர் கோபப்படவில்லை. கோட்டைக் கழற்றிக் கதிரை முதுகில் போட்டார். சோற்றுத் தட்டோடு வந்து அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்தார். "எந்த எறக்கம், தங்கச்சி?" என்றுதான் கேட்டார். அக்கா முனகிக் காட்டினாள். அவளுக்குத்தான் பாட வராதே, மேசையே சிரித்தது. ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த இறக்கம் யாருக்கும் கேட்டிருக்காது என்றுதான் நினைத்தேன் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சனம் கை தட்டும்போதுகூட அப்படி ஒரு முகம் அவருக்கு இல்லை.

சாப்பிட்ட பிறகு மறுபடி மேடை ஏறினார். முதல் வேலையாகப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்துத் தலையைச் சாய்த்தார். பிறகுதான் பாடினார்.

பாட்டு கொண்டு வந்தார்கள்

இனி அன்றைக்குக் காலைக்கு வருகிறேன்.

எங்கள் தோட்டத்தில் கஜன் என்று ஒருவன் இருக்கிறான். என் வயதுதான். பெல்மதுளை கடைவீதியில் ஹார்ட்வெயார் கடையில் வேலை. நன்றாகப் பாடுவான். அவன் கூட்டாளி முருகேசு தப்பு மேளம் அடிப்பான். இன்னொருவன் கீபோட் வாசிப்பான். அக்காவின் இரண்டாவது துண்டுகளில் முக்கால்வாசி கஜனுக்குப் போனவைதான்.

கருமாதி முடிந்த மறுநாள் அவர்கள் எங்கள் வாசலுக்கு வந்தார்கள், கையில் சின்ன ஸ்பீக்கரோடு. அக்காவின் நினைவுக்கு ஒரு பாட்டுச் செய்திருந்தார்கள். அம்மன் திருவிழாவுக்குச் சாமி ஊர்வலம் கிளம்புவதற்கு முன்னால் அதை ஒலிபரப்புவது, பிறகு யூடியூப்பில் போடுவது என்று கோயில் கமிட்டியோடு பேசி வைத்திருந்தார்கள்.

லயமே கூடிவிட்டது. கஜன் பாட்டை ஓடவிட்டான். அதில் அவன் விம்மி விம்மிப் பாடியிருந்தான். நடுவில் முருகேசுவின் தப்பு மட்டும் தனியாக வந்தது. கடைசியில், பழைய வொய்ஸ் ஒன்றில் இருந்து எடுத்த அக்காவின் குரல், 'நல்லா இருக்குடா தம்பி, ரொம்ப நல்லா இருக்கு.' அதன் பின்னால் வயலின்.

அம்மா அலறிவிட்டாள். பக்கத்து வீட்டு அத்தைமார் மாரில் அடித்துக்கொண்டார்கள். நானும் அழுதேன். கஜன் என்னிடம் வந்து, எப்படி என்று கேட்டான். நான் போனில் அனுப்பிவிடு என்று மட்டும் சொன்னேன்.

அக்கா போனதில் இருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அன்றைக்கு இரவு ரொட்டி தட்டும்போது அந்தப் பாட்டைப் போடச் சொன்னாள். முடிந்ததும் மறுபடி. அக்காவின் குரல் வருகிற இடத்தில் தட்டுகிற கையை நிறுத்தி, போனைப் பார்த்து, "சரி சாமி" என்பாள். பிறகு அரை ரொட்டி சாப்பிட்டாள்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த நாள் நான் மலைக்குப் போனேன்.

அந்த மூச்சு

அக்கா செய்த மாதிரியே செய்தேன். சட்டைப் பை, போன், கத்தி.

பாட்டு ஓடியது, கை ஓடியது. கஜன் விம்மினான், கை நிற்கவில்லை. கீபோட்டில் மழை மாதிரி, அலை மாதிரி, மணி மாதிரி எல்லாச் சத்தமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது, கை நிற்கவில்லை. முருகேசுவின் தப்பு வந்தது. வேறு எந்தச் சத்தமும் இல்லை, தோலும் குச்சியும் மட்டும். என் கை நின்றது! கத்தியைப் பட்டையில் வைத்தபடி நான் அப்படியே நின்றேன். அக்கா நின்ற மாதிரியே. இதுதான், இதுதான் என்று அவள் மரங்கள் இருந்த பக்கம் பார்த்து நான் கத்தப் போனேன். பிறகுதான் அங்கே ஆள் இல்லை என்பது ஞாபகம் வந்தது.

சீவ ஆரம்பித்தேன். கடைசியில் அக்கா பேசினாள். 'ரொம்ப நல்லா இருக்கு.' அதன் பிறகு, வயலின் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சின்னச் சத்தம்.

மூச்சு. அக்கா மூச்சை உள்ளே இழுக்கிறாள்.

அவளோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள் நான். அந்த மூச்சுக்கு அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். அடுத்தது 'ஆனா'. அது வரவில்லை. வயலின் வந்தது.

அப்போதுதான் கத்தி உள்ளே இறங்கியது.

காயத்தில் களிமண் அப்பிக்கொண்டே யோசித்தேன். அவர்கள் முதல் துண்டை மட்டும் போட்டிருக்கிறார்கள். இனி திருவிழாவில், யூடியூப்பில், எங்கள் பிள்ளைகுட்டிகளுக்கு, என் அக்கா யாராக இருப்பாள்? எதைக் கேட்டாலும் ரொம்ப நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுச் செத்துப்போன ஒரு நல்ல பொம்பளையாக. அப்படி ஒருத்தி எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை.

ஆனால் அம்மா அரை ரொட்டி சாப்பிட்டது அந்தக் குரலுக்குத்தான்.

சிரட்டைப் பாலை வாளியில் ஊற்றுகிற நேரம் வரைக்கும் பொறுத்தேன். பிறகு போனை எடுத்தேன். அந்தக் குழுவில் நான் அதுவரை வாயே திறந்ததில்லை. முருகேசுவின் தப்பைப் பற்றிச் சொன்னேன், அந்த இடத்தில் கை நின்றதைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் குரல் ஏறிவிட்டது, அவ்வளவு சந்தோஷம். அங்கே விரல் நழுவியது. என் பெருவிரலிலும் பால்தானே. மறுபடி அமுக்கினேன். "ஆனா" என்றேன்.

விம்மல் வேண்டாம் என்றேன். கீபோட் அதிகம் என்றேன். அக்காவின் பேச்சைப் பாதியில் நிறுத்த உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

குழுவில் புகை

பால் நிறுக்கிற ஸ்டோருக்குப் போய்ச் சேர்வதற்குள் கஜன் குழுவை விட்டு வெளியேறியிருந்தான். செத்தவளுக்குப் பாடினதில் போய்க் குறை கண்டுபிடிக்கிறாளே என்று ஒரு அத்தை எழுதியிருந்தாள். காலம் மாறிப்போச்சு என்று ஒரு மாமா. கூடப்பிறந்தவளுக்கே மனசு கல்லு என்று இன்னொரு அத்தை. அதைப் படித்துவிட்டுப் பால் வாளியைக் கீழே வைத்தேன்.

வீட்டுக்கு வந்தேன். அம்மாவுக்கு விஷயம் வந்துவிட்டது. தேத்தண்ணியை வாசற்படியில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அவ கொரலு ஒரு வாட்டியாச்சும் காதுல விழுதே. அதுல என்னடி உனக்குக் கொற?"

அன்றைக்கும் அடுத்த நாளும் அம்மா என்னோடு பேசவில்லை. பாட்டையும் போடவில்லை. ரொட்டியையும் சாப்பிடவில்லை. அக்காவைக் காப்பாற்றப் போய் அம்மாவைத் தொலைத்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது.

மலைக்கு வந்தான்

அதற்கும் மறுநாள் காலையில் கஜன் மலைக்கு வந்தான். கடைக்குப் போகிற உடுப்பு, தோளில் பை. பஸ்ஸுக்குப் போகிற வழியை விட்டு மேலே ஏறி வந்திருந்தான். காலில் போட்டிருந்த சப்பாத்தெல்லாம் சேறு. கொஞ்ச நேரம் நான் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏ சுமதி, உங்க அக்காவுக்குத்தான பாட்டுப் போட்டோம்? எதிராளிக்கா போட்டோம்? ஊரே அழுதுச்சு. நீ மட்டும் மார்க் போட உக்காந்துட்ட."

"ஊரு அக்காவ நெனச்சு அழுதுச்சு" என்றேன். "நீ பாடாம சும்மா போட்டோவத் தூக்கிட்டு வந்திருந்தாலும் அழுதிருக்கும்."

வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அட்டை ஒன்று அவன் காலில் ஏறுவதைக் கண்டும் நான் சொல்லவில்லை.

"ரெண்டாவது வொய்ஸ் எங்க? என் போன்ல பழசெல்லாம் இல்ல" என்றேன்.

"அழிஞ்சு போச்சு."

"பொய் சொல்லாத."

"…இருக்கு."

"ஏன் போடல?"

"அதுல என்னயத்தான திட்டுது! திருவிழாவுக்கு நாலு தோட்டத்துச் சனம் வரும். வீட்டுல பொண்ணு வேற பாக்குறாங்க எனக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா போனதற்குப் பிறகு முதல் சிரிப்பு. அவனும் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்தான்.

அக்கா போனதில் இருந்து எதைப் பாடிப் போட்டாலும் எல்லோரும் கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்புகிறார்கள் என்றான். நன்றாகப் பாடினாலும் அதே விரல், தொண்டை கட்டிப் பாடினாலும் அதே விரல். வேண்டுமென்றே ஒரு பாட்டைச் சுருதி விலகிப் பாடி அனுப்பிப் பார்த்தானாம். அதற்கும் அதே விரல், கூட ஒரு பூ.

"நான் எங்க நிக்கிறேன்னே தெரியல புள்ள" என்றான். "இருட்டுல நடக்குற மாதிரி இருக்கு. நீ அன்னைக்கு வொய்ஸ் போட்டியே, கோவம்தான் வந்துச்சு. பஸ்ஸுல போகும்போது ரெண்டாம் தடவ கேட்டேன். அந்த 'ஆனா' வந்த எடத்துல… ஏதோ அக்காவே வந்த மாதிரி."

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"அவ எல்லாரையும் திட்டமாட்டா கஜன். பாட வராதவனுக்கு அவ வொய்ஸே போட்டதில்ல. நீ நல்லாப் பாடுவன்னு நெனச்சுத்தான் உன்னயப் போட்டு வெட்டுனா."

அவன் பையில் இருந்து போனை எடுத்து, அந்த இரண்டாவது துண்டை அமுக்கினான். அவனுடைய பழைய பாட்டு ஒன்றுக்கு அக்கா சொன்னது. மரங்களுக்கு நடுவில் அவள் குரல் கேட்டது.

'ஆனா ரெண்டாவது சரணத்துல நீ பாடல தம்பி, நடிக்கிற. உன்னய யாரு அழச் சொன்னா? வார்த்தையச் சொல்லு, அது போதும், நாங்க அழுதுக்குறோம். அந்தக் கீபோட்டுக்காரத் தம்பிகிட்டயும் சொல்லு, இருக்குற கட்டைய எல்லாம் ஒரே பாட்டுல தட்டித் தீத்துறாதன்னு. இன்னைக்கே எல்லாப் பட்டையையும் சீவிப்புட்டா நாளைக்கு எங்க போயி வெட்டுறது?'

பழைய பாட்டுக்குச் சொன்னது புதுப் பாட்டுக்கும் ஒரு சொல் மாறாமல் பொருந்தியது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். "ஐயோ" என்றான் கஜன். காலில் அட்டை ஏறியிருந்ததும் அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

முட்டை அட்டை அறை

பாட்டை மறுபடி பதிவு செய்ய, அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவர்களோடு பெல்மதுளைக்குப் போனேன். போன் கடை ஒன்றுக்குப் பின்னால் நுவன் என்கிற சிங்களப் பையன் ஒலிப்பதிவு அறை வைத்திருக்கிறான். சுவரெல்லாம் முட்டை அட்டை. பதிவு செய்யும்போது ஃபேனை நிறுத்திவிடுவார்கள். எல்லோரும் வேர்வையில் ஊறினோம். தெருவில் பஸ் ஹோர்ன் அடித்தால் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

நுவனுக்கு அரைகுறைத் தமிழ். எங்களுக்குச் சிங்களம் தண்ணீர் பட்டபாடு. ஆனாலும் என்னை 'நங்கி', தங்கச்சி, என்று கூப்பிட்டுத் தமிழில்தான் பேசினான். இரண்டாவது துண்டைக் கொடுத்ததும் ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டுவிட்டு மேசையில் அடித்தான்.

"நங்கி, நான் அன்னைக்கே இவன்கிட்ட கேட்டது. அக்கா மூச்சு எடுக்குது. பேச வருது. ஏன் நிக்குதுன்னு கேட்டது. இவன், இல்ல மச்சான், அவ்ளோதான்னு சொல்லிச்சு."

கஜன் முட்டை அட்டைகளை எண்ணுகிறவன் மாதிரி சுவரைப் பார்த்தான்.

இதற்குள் முருகேசு கடைக்குப் பின்புறம் பழைய பேப்பரைக் கொளுத்தித் தப்பைக் காயவைத்துக்கொண்டிருந்தான். தோல் சூடேறினால்தான் சத்தம் வரும். புகையைக் கண்ட பக்கத்துக் கடைக்காரர் "மொகத மே! கின்னத?" என்று வாளித் தண்ணீரோடு ஓடி வந்துவிட்டார், நெருப்புப் பிடித்துவிட்டது என்று. "சங்கீதய, மாத்தயா, சங்கீதய" என்று, இது சங்கீதம் ஐயா என்று, தப்பைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு முருகேசு தப்பி ஓடினான். தண்ணீர் பட்டிருந்தால் அன்றைய வேலை போயிருக்கும்.

பாட்டை இப்படி மாற்றினோம். முதல் சரணம். பிறகு அக்காவின் முதல் துண்டு. பிறகு தப்பு. பிறகு அந்த மூச்சு, 'ஆனா', அவள் சொன்னது முழுக்க. அதற்குப் பிறகு இரண்டாவது சரணத்தை, அவள் கேட்ட மாதிரி, கஜன் பாட வேண்டும்.

அவனால் முடியவில்லை. பழக்கத்தில் விம்மினான். வேண்டாம் என்று நான் கையைக் காட்டினேன். மறுபடி விம்மினான். கடைசியில் எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, பஸ்ஸில் பக்கத்து ஆளிடம் சொல்வது மாதிரி அந்த வரிகளைச் சொன்னான். பாடினானா சொன்னானா என்றே தெரியவில்லை. கீபோட் ஒரே ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

என் கையில் நுவன் தந்த பால் போடாத பிளேன்டீ இருந்தது. அது ஆறிப்போய்விட்டதைப் பாட்டு முடிந்த பிறகுதான் பார்த்தேன்.

பலாமரத்து ஸ்பீக்கர்

திருவிழா அன்று மத்தியானம் வெயில் நன்றாக அடித்தது. கோயில் வாசல் பலாமரத்தில் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். அம்மா வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். கடைசி நேரத்தில் வந்து, எனக்குக் கொஞ்சம் தள்ளி, தேங்காய்த் தட்டோடு நின்றாள்.

கமிட்டித் தலைவர் அக்காவின் பெயரைச் சொன்னார். பாட்டு தொடங்கியது. அக்கா 'ரொம்ப நல்லா இருக்கு' என்றதும் பெண்கள் அழத் தயாரானார்கள், முந்தானை எல்லாம் கண்ணுக்குப் போனது. தப்பு வந்தது, நின்றது. பலாமரத்தில் இருந்து அக்கா மூச்சிழுத்தாள்.

'ஆனா…'

கூட்டத்தில் ஒரு அசைவு. 'நீ பாடல தம்பி, நடிக்கிற' என்றதும் எங்கேயோ ஒரு சிரிப்பு வெடித்தது. பட்டை சீவுகிற இடம் வந்தபோது பால் வெட்டுகிற சனம் மொத்தமும் சிரித்தது. "ரதி வந்துட்டாடா" என்று ஒருவர் சத்தமாகச் சொன்னார். என் மனசைக் கல் என்று எழுதிய அத்தை சிரித்துக்கொண்டே அழுதாள். கஜன் பந்தல் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

பிறகு இரண்டாவது சரணம். சிரித்த வாயோடு எல்லோரும் அப்படியே அடங்கிப்போனார்கள். யாரும் கை தட்டவில்லை. ஊர்வல மேளக்காரர்கள்கூட அடிக்க மறந்து நின்றார்கள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். தட்டைப் பிடித்தபடி பலாமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் இருந்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

சாமி புறப்பட்டது. லயத்துக்குத் திரும்பும்போது அம்மா முன்னால் நடந்தாள், நான் பின்னால். மேல் லயத்துப் படிக்கட்டு வந்தது. எனக்குக் கேட்கப் பயம்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் அம்மா, திரும்பாமலே.

எனக்கு மூச்சு வந்தது. கூடவே ஒரு பயமும் வந்தது. மகள் மனம் கோணக் கூடாது என்று சொல்கிறாளோ? கட்டைவிரல் படம் மாதிரி ஒன்றோ?

அம்மா ஒரு படி ஏறினாள். நின்றாள். தட்டை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். மூச்சை உள்ளே இழுத்தாள்.

"ஆனா அந்தத் தப்ப ஏன்டி சட்டுனு நிப்பாட்டிட்டானுங்க? எனக்கு இன்னும் கொஞ்சம் வேணும்போல இருந்துச்சு. அவனுங்கள வரச் சொல்லு, நான் சொல்றேன்."